அம்மன் கையப் பாரு, பேராண்டி

பேராண்டி, நீ போன்ல அனுப்பின படத்தப் பாத்தேன். பித்தளை துர்க்கை, ஒன்றரை அடி ஒசரம், சிங்கத்து மேல ஜம்முனு ஒக்காந்திருக்கா. டி.வி.க்குப் பக்கத்துல, வைஃபை பெட்டிக்கு மேல வச்சிருக்க. கூடவே ஒரு கேள்வி வேற: "தாத்தா, இதோட ஆன்மிகத் தத்துவம் என்ன? கூட வந்த சீட்டுல 'இல்லத்தில் நேர்மறை ஆற்றல் பெருகும்'னு போட்டிருக்கு."

இந்த ஆற்றல் விசயத்துல எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டுப்பா. லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல வேலை பாத்து ரிட்டயர்டு ஆன ஆளு நான். குமுளி ரோட்டுல மலையேறும்போது நாலு ராட்சதக் குழாய் சரிவுல எறங்கி வருமே, நீ கூட வண்டிய நிறுத்தி செல்பி எடுத்தியே, அதுல பெரியாத்துத் தண்ணி வந்து சக்கரத்துல மோதினாத்தான் ஆற்றல். தண்ணிய அடைச்சுட்டா உள்ள கெடக்குற இரும்பும் பித்தளையும் சும்மா கெடக்கும். பித்தளை வால்வு, பித்தளை புஷ்னு எம்புட்டோ கையாண்டாச்சு. ஒண்ணு கூட தானா ஒக்காந்து ஆற்றல் தந்து நான் பாக்கல.

அதுக்காகத் தாத்தன் சாமிய பழிக்கிறான்னு ஒங்க பாட்டிகிட்ட போட்டுக் குடுத்துறாத. அப்பறம் எனக்கு ராத்திரி வெஞ்சனம் இல்லாத சோறுதான். சாமி மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் கெடையாது. சீட்டு எழுதினவன் மேலதான்.

மொதல்ல சரக்கப் பேசிருவோம். ஒங் கடைக்காரன் 'பித்தளை'னு வித்தானா, 'பஞ்சலோகம்'னு வித்தானா? பில்ல எடுத்துப் பாரு. தாமிரமும் துத்தநாகமும் சேந்தா பித்தளை. தாமிரமும் வெள்ளீயமும் சேந்தா வெண்கலம். பஞ்சலோகத்துல தாமிரம்தான் பெருவாரி, பித்தளையும் காரீயமும் அதுக்கு அடுத்தது, வெள்ளியும் தங்கமும் பேருக்குக் கொஞ்சம். சுவாமிமலைப் பட்டறையில உலோகம் உருகிக் கெடக்குற நேரத்துல, சிலை செய்யச் சொன்ன குடும்பத்துக்காரக தங்கத்தையும் வெள்ளியையும் தங் கையால அதுல போடுற வழக்கம் உண்டு. நீ பாதி வெலைத் தள்ளுபடியில வாங்கினதுல தங்கம் இருக்கும்னு தேச்சுப் பாத்துக்கிட்டு இருக்காத. வெரல்தான் தேயும்.

பித்தளை காய்ச்சுறதும் லேசுப்பட்ட சோலி இல்ல. தாமிரம் உருக 1,085 டிகிரி சூடு வேணும். துத்தநாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாப் பறந்துரும். ரெண்டையும் ஒரே மூசையில நிறுத்துறது, சண்டைக்காரச் சம்பந்திக ரெண்டு பேர ஒரே பந்தியில ஒக்கார வச்சு எல போடுற மாதிரி. அதச் செஞ்சு முடிச்சவன் கெட்டிக்காரன். அவன் பேரு ஒஞ் சீட்டுல இல்ல.

சுவாமிமலையில எப்பிடிச் செய்வாகன்னு சொல்றேன், கேட்டுக்க. தென்னை ஓலையில ஒரு நறுக்கு எடுத்து, சிலை எம்புட்டு ஒசரமோ அம்புட்டுக்கு வெட்டுவாக. அத மடிச்சு மடிச்சு, மடிப்பு விழுந்த எடத்த வச்சே மொகம் எம்புட்டு, மாரு எம்புட்டு, இடுப்பு எம்புட்டுன்னு அளவு எடுப்பாக. அப்பறம் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சின மெழுகுல அம்மன முழுசா செஞ்சுருவாக. வளையல், கொலுசு, வெரல் நகம் வரைக்கும் மெழுகுதான். அது மேல காவிரி வண்டல் மண்ண மெலிசாப் பூசி நெழல்ல காய விடுவாக. அந்த நைசான மண்ணுதான் கொலுசோட முத்தக் கூட விடாமப் பிடிச்சுக்கும். அதுக்கு மேல மொரட்டு மண்ணு, அதச் சுத்திக் கம்பிக்கட்டு. வறட்டி நெருப்புல வாட்டினா மெழுகு உருகி ஓடிரும். அது இருந்த எடம் உள்ள வெறும் பொந்தா நிக்கும். அந்தப் பொந்துல காய்ச்சின உலோகத்த ஊத்தி, ஆற விட்டு, மண்ண ஒடைப்பாக.

கவனி. மண்ணச்சு ஒடஞ்சாத்தான் அம்மன் வெளிய வருவா. ஒரு அச்சுக்கு ஒரு அம்மன்தான், அதே மாதிரி இன்னொண்ணு வேணும்னா மறுபடி மெழுகுலருந்து ஆரம்பிக்கணும். அப்பறம் உளி, அரம்னு நாள்கணக்குல உக்காந்து மொகத்தச் செதுக்குவாக. கண்ணு கடைசியாத்தான். கண்ணத் தெறந்துட்டா அதுக்கு மேல அது பொருள் இல்ல, ஆளு.

ஒன்னோடத கவுத்துப் பாரு. உள்ள பொள்ளலா இருக்கும். வெலாப் பக்கத்துல ரெண்டு அச்சு சேந்த கோடு, அரத்தால ராவின தடத்தோட மங்கலாத் தெரியும். மண்பெட்டி அச்சுல வார்த்தது. மொராதாபாத்தோ அலிகாரோ, அந்தப் பக்கத்துச் சரக்கா இருக்கும். அது மட்டம்னு நான் சொல்லல. மொராதாபாத்துக்குப் பித்தளை நகரம்னே பேரு, அந்தப் பட்டறைகள்ல வேலை பாக்குறவுகள்ல பெரும்பாலும் முஸ்லிம்கதான். ஒந் துர்க்கையோட சூலத்த ராவி விட்ட கை, அஞ்சு வேளை தொழுற கையா இருக்கவும் வாய்ப்பு உண்டு. துர்க்கைக்கு அதுல ஒரு வருத்தமும் இருக்குற மாதிரி அந்தப் படத்துல தெரியல. ஒங் குடும்ப வாட்ஸாப் குரூப்புல இருக்குற பெரியப்பாவுக்கு மட்டும் இதச் சொல்லிறாத. ரத்தக்கொதிப்பு ஆளு.

சரி, தத்துவத்துக்கு வா. சீட்டுல என்ன போட்டிருக்கும்னு நான் பாக்காமலே சொல்லுவேன். பத்துக் கை பத்துத் திசை, சூலம் மூணு குணம், சிங்கம் வீரம். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அத யாரு வேணா மனப்பாடம் பண்ணலாம். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: கையப் பாரு. எந்த அம்மன் வெக்கிரகமா இருந்தாலும் மொகத்த விட்டுட்டு மொதல்ல கையப் பாரு. ஒண்ணு வேலை செய்யும், இல்லைன்னா குடுக்கும், இல்லைன்னா 'பயப்படாத'னு சொல்லும்.

லட்சுமிய எடுத்துக்க. நாலு கை. மேல ரெண்டுல தாமரை, கீழ ஒண்ணு அபயம். இன்னொண்ணுலருந்து காசு கொட்டுது. அந்தக் கை எந்தப் பக்கம் பாத்துருக்கு? கீழ. கொட்டுற கை அது. நீயோ அவ முன்னாடி நின்னு உள்ளங்கைய மேல பாத்து விரிச்சுக்கிட்டு இருக்க. கொட்டுற கையக் கும்பிட்டா, அதுக்கு என்ன அர்த்தம்? நீயும் கொஞ்சம் கொட்டுன்னு அர்த்தம். ஒங்க அபார்ட்மெண்டுல வேலைக்கு வர்ற அம்மா தீவாளிக்கு முன்பணம் கேட்டப்ப நீ பத்து நிமிசம் கணக்குச் சொன்னியாம். இங்க வரைக்கும் சேதி வந்துருச்சு.

சரசுவதி கதைய சுருக்கமா முடிச்சுக்கிறேன். ரெண்டு கை வீணையில, ஒண்ணுல ஏடு, ஒண்ணுல செபமாலை. நாலு கை இருந்தும் ஒண்ணுலயும் போன் இல்ல. போதுமா?

ஒங்க பாட்டி தெனமும் ஏத்துற காமாட்சி வெளக்குல நடுவுல ஒக்காந்திருக்கிறது யாருன்னு கேட்டுப் பாரு. 'காமாட்சி'னு பட்டுனு சொல்லுவா. ரெண்டு பக்கமும் யானை நின்னு தண்ணி ஊத்துதே, அது கஜலட்சுமிக்கு உள்ள அடையாளம். காமாட்சிக்குக் கையில கரும்பு வில்லும் அஞ்சு பூ அம்பும் இருக்கணும். கரும்பு வில்லு மனசு, பூ அம்பு அஞ்சும் அஞ்சு புலன் ருசின்னு லலிதா சகஸ்ரநாமம் சொல்லுது. ஆனா பாட்டிகிட்ட போயி 'நீ இத்தன வருசம் ஆள் மாத்திக் கும்பிட்ட'ன்னு சொல்லத் துணியாத. நான் கல்யாணமான புதுசுலயே வாய மூடிக்கிட்டேன், அதான் இன்னும் நல்லா இருக்கேன். ரெண்டு ஆத்தாளும் அந்த ஒரே திரியில குளிர் காஞ்சுக்கிட்டு ஒத்துமையாத்தான் இருக்காக.

இப்ப ஒந் துர்க்கை. அவ கையில இருக்குற ஆயுதத்துல ஒண்ணு கூட அவளோடது இல்ல, தெரியுமா? தேவி மாகாத்மியக் கதையப் படி. சூலம் சிவன் குடுத்தது. சக்கரம் விஷ்ணு குடுத்தது. சங்கு வருணன், வேல் அக்கினி, வில்லும் அம்பறாத்தூணியும் வாயு, வச்சிரமும் மணியும் இந்திரன், ஏறி வந்த சிங்கம் இமவான். ஏன் குடுத்தாக? மகிஷாசுரன்கிட்ட எல்லாரும் தோத்துப் போயி ஓடி வந்துட்டாக. ஆம்பளச் சாமிக அம்புட்டுப் பேரும் அவுகவுக ஆயுதத்த ஆத்தா கையில குடுத்துட்டு, 'நீ பாத்துக்க தாயி'ன்னு ஒதுங்கி நின்னாக.

ஒங்க வீட்டுல வேற என்ன நடக்குது? கேஸ் பதியுறது ஒம் பொண்டாட்டி. பிள்ளைக்கு ஊசி போட்ட அட்டை அவகிட்ட. கரண்டு பில்லு, பள்ளிக்கூட வேன்காரர், ஒங்க அம்மாவோட சுகர் மாத்திரை, தண்ணி கேன், அது போக அவளுக்குன்னு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு மேனேசரு. நீ என்ன பண்ணுற? 'நீ பாத்துக்க'. பத்துக் கை இருக்குறவள டி.வி.க்குப் பக்கத்துல தேடுற, அடுப்படியில நிக்கிறவள பாக்க மாட்டேங்குற. தாயி, இத நீயும் படிப்பன்னு தெரியும். படிச்சுட்டு இவன்கிட்டக் காமி. நான் சொன்னேன்னே சொல்லு, எனக்கு என்ன பயம், நான் இருக்குறது மலையடிவாரத்துல.

எருமைய மட்டும் அசுரனாக்கி வச்சதுல எனக்கு ஒரு தீராத வருத்தம். மந்தம், சோம்பேறித்தனம், ஆணவம், இதுக்கெல்லாம் எருமைதான் அடையாளம்னு வெளக்கம் சொல்லுறாக. சொல்றவுக காலைல குடிச்சுட்டு வர்ற டீ எந்த மாட்டுப் பால்னு கேளு. ஆனா மாமல்லபுரத்துக்கு ஒரு தடவ போயி மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தப் பாரு. பல்லவர் காலத்துக் கல்லு. எட்டுக் கையோட சிங்கத்து மேல வர்றா, வில்ல வளைச்சுருக்கா, எதுத்தாப்புல எருமைத் தலையோட ஒருத்தன் கதாயுதத்தத் தூக்கிக்கிட்டே பின்னாடி சாயுறான். சுத்திலும் ஒரே அமளி. அவ மொகத்துல ஒரு சுருக்கம் கெடையாது. நீ டோல்கேட்டுல முன்னாடி ரெண்டு வண்டி நின்னாலே ஆரனப் போட்டு அமுக்குறவன். அந்த மொகத்த ஒரு அரை நாழி பாத்துட்டு வந்தா, சீட்டு தேவைப்படாது.

கையப் பாக்காம மொகத்தப் பாத்து ஏமாந்தது நாம மட்டும் இல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஒரு அம்மன் நிக்கிறா. வெண்கலத்துல கெட்டியா வார்த்து தங்கம் பூசினது, கிட்டத்தட்ட முக்கா ஆள் ஒசரம், 143 செண்டிமீட்டர். இலங்கையில திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவுல கெடச்சது. அங்க கவர்னரா இருந்த பிரௌன்ரிக் துரை 1830-ல மியூசியத்துக்குக் குடுத்தாரு. ரொம்பக் காலம் அத 'பத்தினித் தெய்வம்'னே எழுதி வச்சிருந்தாக. பத்தினின்னா யாரு? நம்ம கண்ணகிதான், சிங்களவுக கும்பிடுற பேரு அது. அப்பறம் நெதானமா கை முத்திரை, கொண்டை எல்லாத்தையும் பாத்துட்டு, இது பௌத்தத்துல உள்ள தாராதேவின்னு மாத்தினாக. பெரிய படிப்பாளிகளுக்கே அந்த கதி. ஒனக்கு ஒரு வாரம் டயம் தர்றேன், ஒந் துர்க்கை கையில என்னென்ன இருக்குன்னு பாக்காமச் சொல்லு பாப்போம்.

இன்னொரு சங்கதி. கோயில்ல மூலவர் கல்லா இருக்கும், உற்சவர் உலோகமா இருக்கும். ஏன்னு என்னைக்காச்சும் யோசிச்சியா? கல்லு உள்ளயே இருக்கும், உலோகம் வீதிக்கு வரும். தோளுல தூக்கணும், தேருல ஏத்தணும், ஆடுனா கீறக் கூடாது, ஒடையக் கூடாது. பழைய சோழர் காலத்துத் திருமேனிகளோட பீடத்தப் பாத்தியன்னா கம்பு சொருகிக் கட்டுறதுக்கு ஓட்டையும் வளையமும் இருக்கும். படுத்த படுக்கையா கெடக்குறவுகளும், உள்ள வர விடாம வாசல்ல நிறுத்தப்பட்டவுகளும் பாக்குறதுக்கு அவளே எறங்கி வீதிக்கு வருவா. உலோகத்துக்குத் தத்துவம்னு நீ கேட்டா எனக்குத் தெரிஞ்சது அதான். நீ அவளக் கொண்டு போயி வைஃபை பெட்டி மேல உக்கார வச்சிருக்க, வீட்ட விட்டு வெளிய போறது அந்த சிக்னல் மட்டுந்தான்.

வீட்டுல வச்சிருக்குறது தப்பில்ல, ஆனா வச்சா கவனி. பித்தளை தானா கறுக்கும். காத்துல இருக்குற ஈரம், கை வேர்வை, சாம்பிராணிப் புகை எல்லாம் சேந்து அவ மொகத்த மங்க வச்சுரும். புளியக் கரைச்சுத் தேச்சு, சாம்பலோ விபூதியோ போட்டுத் தொடச்சாப் போதும், பளபளன்னு வந்துரும். ஆனா புளியப் பூசிட்டு மேட்ச் பாக்கப் போயிறாத. ரொம்ப நேரம் ஊறினா புளிப்பு துத்தநாகத்த அரிச்சு, அங்கங்க செவப்புச் செவப்பா தாமிரம் தெரிய ஆரம்பிச்சுரும். வெள்ளிக்கெழம தேய்க்குற வேலைய நீ செய். ஒம் பொண்டாட்டியத் தேய்க்கச் சொல்லிட்டு நீ ஊதுபத்தி மட்டும் கொளுத்தினா, அதுக்குப் பேரு பக்தி இல்ல, மேற்பார்வை.

எங்க பக்கத்து ஆத்தாமார்களுக்கு இந்தப் பளபளப்பெல்லாம் பெரிசா வேண்டியதில்ல. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு வந்து பாரு. முல்லையாத்துலருந்து கொடத்துல தண்ணி மொண்டு வந்து, நட்டு வச்ச முக்கொம்புக் கம்பத்துல ஊத்திக்கிட்டே இருப்பாக. மரக்கொம்புதான். பித்தளையும் இல்ல, பஞ்சலோகமும் இல்ல. கண்ணு தெரியாமப் போன பாண்டிய ராசாவுக்குப் பார்வை குடுத்த ஆத்தான்னு கதை சொல்லுவாக. அதனால மண்ணுல ஆயிரங்கண் பானை செஞ்சு தலையில எடுத்து வருவாக, சுத்திலும் ஓட்டை போட்ட மண்பானை. இன்னொரு பக்கம் தீச்சட்டி. வெறுங்கையில வேப்பெலைய வச்சு அது மேல கனிஞ்ச சட்டிய ஏந்திக்கிட்டு நடந்து வர்ற பொம்பளைகள்ட்ட போயி 'இதோட ஆன்மிகத் தத்துவம் என்ன'ன்னு கேட்டுப் பாரு. நான் தூரமா நின்னுக்கிறேன்.

ஒலகத்துல எல்லா அம்மையும் அழகாத்தான் இருக்கணும்னும் இல்ல. காரைக்கால் அம்மையாரோட சோழர் காலத்து வெண்கலம் ஒண்ணு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. எலும்பும் தோலுமா, வத்தின மாரோட, கையில தாளத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. பேயுருவம் கேட்டு வாங்கின அம்மா அவுக. கணக்குப்படி அவுக நாயன்மாருல ஒருத்தர், தெய்வப் பட்டியல்ல வர மாட்டாக. ஆனா அந்த மொகத்துல இருக்குற சிரிப்பு ஒங் கடைக்காரன் அடுக்குல இருக்குற ஒரு லட்சுமிக்கும் கெடையாது. ஆன்லைன்ல போட்டா யாரு வாங்குவா? வரவேற்பறையோட நெறத்துக்கு ஒத்து வராதுன்னு திருப்பி அனுப்பிருவீக.

நம்ம ஊருல வெண்கலத்துல நிக்கிறவரு யாருன்னு ஞாபகம் இருக்கா? பென்னிகுவிக் மணிமண்டபத்துல நிக்கிறாரே, அந்தத் துரை. 2013 பொங்கலுக்குத் தெறந்தாக. 1895-ல அவரு கட்டின பெரியாத்து அணை முடிஞ்சு, மேக்க ஓடிக்கிட்டிருந்த தண்ணி மலையக் கொடைஞ்சுக்கிட்டு கெழக்க வந்துச்சு. தண்ணி வந்தது, நெல்லு வெளஞ்சது, திராட்சைத் தோட்டம் வந்துச்சு. சொத்த வித்து அணையக் கட்டினாருன்னு ஊர்ல சொல்லுவாக. அத விட்டாலும், கட்டி முடிச்சது நெசம். நம்ம பள்ளத்தாக்குல எத்தன வீட்டுப் பூசை அறையில அந்த மீசைக்காரரு படம், அம்மன் படத்துக்குப் பக்கத்துல பூவோட மாட்டியிருக்கு. பேரு வெள்ளக்காரப் பேரு, வேதம் வேற வேதம், குலம் கோத்திரம் ஒண்ணும் தெரியாது. சனங்க கையத்தான் பாத்துச்சு. தண்ணி குடுத்த கை, அம்புட்டுத்தான் கணக்கு.

கடைசியா மேல இருக்குறவளச் சொல்லாம விட முடியாது. லோயர் கேம்புக்குப் பக்கத்துல பளியங்குடி. அங்கருந்து காட்டுப் பாதையில 6.6 கிலோமீட்டர் ஏறினா மங்கலதேவி கண்ணகி கோயில். கேரள எல்லையில, பெரியாறு புலிக் காப்பகத்துக்குள்ள, சிதைஞ்சு கெடக்குற கல்லுக் கட்டடம். வருசத்துல ஒரே ஒரு நாளு, சித்திரா பௌர்ணமி அன்னைக்கு மட்டும் சனங்கள விடுவாக. தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் கூடிப் பேசி, ரெண்டு மாநிலப் போலீசும் ரெண்டு மாநில வனத்துறையும் நின்னு நடத்துற ஒரு நாளு. குமுளி வழியா ஜீப்பு போகும். இந்தப் பக்கத்துச் சனங்க நடந்துதான் ஏறுவாக.

சிலப்பதிகாரத்துல சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை எடுக்கணும்னு இமயம் வரைக்கும் படை நடத்திப் போறான். போனது தங்கத்துக்கோ பித்தளைக்கோ இல்ல, கல்லுக்கு. அந்தக் கல்ல எகத்தாளம் பேசின கனகன் விசயன் ரெண்டு பேர் தலையில ஏத்தி, கங்கையில நீராட்டிக் கொண்டு வர்றான். பாத்தியா, வாய்த்துடுக்குக்காரவுகளுக்கு அப்பயே என்ன வேலை குடுத்திருக்காகன்னு.

அவ கையப் பாரு இப்ப. கொட்டுறதுக்குக் காசு இல்ல, சூலம் இல்ல, தாமரை இல்ல. ஒரு சிலம்பு. அதுவும் ஒத்தச் சிலம்பு. அம்மன் கை வேலை செய்யும், குடுக்கும், 'பயப்படாத'னு சொல்லும்னு சொன்னேன்ல, இவ மட்டும் கேக்கப் போனவ. வரம் கேக்கல, வழக்குக் கேட்டா. ராசா மொகத்துக்கு நேரா நின்னு, 'தேரா மன்னா'ன்னு ஆரம்பிச்சு, சிலம்ப ஒடச்சு உள்ள இருந்த பரலக் காட்டினா. எந்தக் கடையில இந்தத் தத்துவத்தச் சீட்டுல அடிச்சுக் குடுப்பாக? 'இச்சிலையை வைத்தால் அதிகாரியிடம் நியாயம் கேட்கும் தைரியம் பெருகும்'னு போட்டு வித்தா நானே ரெண்டு வாங்கிருவேன், ஒண்ணு தாலுகா ஆபீசுக்குப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போக.

அதுலயும் ஒரு விசயம் என்னைய இன்னைக்கும் உலுக்கும். புருசன அநியாயமாப் பறிகுடுத்தவ அவ. தாலி அறுந்தவளச் சுபகாரியத்துக்கு முன்னால நிறுத்தாத இந்த ஊரு, அவ மலைக்கு ஏறிப் போயி வளையலும் மஞ்சக்கயிறும் பிரசாதமா வாங்கிட்டு வந்து கண்ணுல ஒத்திக்கிது. அவ பேரே மங்கலதேவி. இங்க எந்த விதவை அம்மாவையாச்சும் கல்யாணப் பந்தல்ல ஓரமா உக்காரச் சொல்றத நீ பாத்தா, மேல மலையக் கையக் காட்டிக் கேளு. நான் கேட்டுப் பாத்திருக்கேன். ஒருத்தரும் பதில் சொல்லல, காப்பி மட்டும் சூடா குடுத்தாக.

அதனால பேராண்டி, நான் சொல்றதக் குறிச்சுக்க. துர்க்கைய வைஃபை பெட்டி மேலருந்து எறக்கி, கண்ணு மட்டத்துக்கு வர்ற மாதிரி ஒரு பலகையில வை. சீட்டக் கிழிச்சுப் போட்டுரு. கேஸ் பதியுறதையும் அம்மா மாத்திரையையும் இந்த மாசத்துலருந்து நீ எடுத்துக்க. வேலைக்கு வர்ற அம்மாவுக்கு முன்பணத்தக் குடுத்துரு, கணக்கு அப்பறம் பாத்துக்கலாம். அடுத்த சித்திரா பௌர்ணமிக்கு ரெண்டு பேரும் லீவு போட்டு முந்துன நாளே இங்க வந்துருங்க. பளியங்குடியில வெள்ளன கூட்டம் சேந்துரும், வெயில் ஏறுறதுக்கு முன்ன பாதி மலை தாண்டிரணும். பிளாஸ்டிக் பாட்டில செக்போஸ்ட்டுலயே வாங்கி வச்சுக்கிருவாக, எவர்சில்வர் பாட்டில் கொண்டா. நல்ல செருப்பாப் போட்டுக்க. பைய ஒம் பொண்டாட்டி தோளுல மாட்டி விடாம, நீயே சுமந்துக்கிட்டு வா.